கம்ப்யூட்டர் மயில்சாமியின் தீவனப் புரோகிராம்

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மயில்சாமி வீடு எது என்று கேட்டால், "எந்த மயில்சாமிங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். போர் போடுகிற ரிக் வண்டி மயில்சாமி ஒருவர் இருக்கிறார். பால் சொசைட்டி மயில்சாமி ஒருவர் இருக்கிறார். கோழிப் பண்ணை மயில்சாமி என்றாலும் பிரயோஜனமில்லை, அந்தப் பக்கம் கோழிப் பண்ணை இல்லாதவரைக் காட்டுவதுதான் கஷ்டம். கம்ப்யூட்டர் மயில்சாமி என்றால் மட்டும் நேராகக் கொண்டுபோய் வாசலில் விடுவார்கள். அந்தப் பட்டத்தை ஊர் கொடுத்ததாக அவர் சொல்லிக்கொள்வார். தன் வாயாலேயே தனக்குச் சூட்டிக்கொண்டு, ஊர் சலித்துப்போய் ஒத்துக்கொள்ளும்வரை விடாமல் சொன்னார் என்பது அவர் மனைவி சௌந்திரத்துக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா லீவில் வரும்போது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். கறுப்பாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். மேலே மாத்திரை அட்டை மாதிரி ரப்பர் பொத்தான்கள். டிவியோடு சேர்த்து மாட்டினால் திரை வெளுக்கும். கொண்டுவந்தவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, அண்ணன் மகன் தலையில் கட்டிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். அடுத்த தைக்குள் மயில்சாமி அதில் புரோகிராம் எழுதிவிட்டதாக ஊரில் பேச்சு. கோழி எத்தனை, வயசு எத்தனை என்று அடித்தால் மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு, கருவாட்டுத் தூள் எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று டிவியே சொல்லுமாம். "நாமக்கல் ஜில்லாவுலயே மொத மொத கம்ப்யூட்டர்ல தீவனம் கலக்குனவன் நாந்தானுங்க" என்பார். அப்போது நாமக்கல் ஜில்லாவே கிடையாது, எல்லாம் சேலம்தான். பிறக்காத ஜில்லாவில் முதலாவதாக வந்ததைப் பற்றி அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

இந்தப் பேச்சை நம்பித்தான் சௌந்திரத்தை அவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் பிறந்த ஊரான திருச்செங்கோட்டுப் பக்கத்திலேயே லாரி வைத்திருந்த ஒரு பையன் கேட்டு வந்தான். பார்க்கவும் லட்சணமாக இருந்தான். சௌந்திரத்தின் அப்பா அவனை விட்டுவிட்டார். "லாரி யாரு வேணும்னாலும் ஓட்டலாம், இந்த மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல எழுதறாராமா" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். கல்யாணப் பத்திரிகையில்கூட மாப்பிள்ளை பேருக்கு முன்னால் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைப் போடச் சொல்லி அச்சகத்தில் சண்டை பிடித்தவர் அவர்.

வந்த முதல் பொங்கலுக்குள் சௌந்திரத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. தீவனத்தை அங்கமுத்து என்கிற பண்ணையாள் வாளியில் அளந்து, மண்வெட்டியால் கிளறி, வாய்க்கு வந்த கணக்கில் கலந்துகொண்டிருந்தான். கம்ப்யூட்டர் உள்ளறை அலமாரியில் பூவேலை போட்ட துணிக்குள் தூங்கியது. ஒரு நாள் கேட்டும் பார்த்தாள்.

"ஏனுங்க, கம்ப்யூட்டர் கலக்கறதுன்னீங்க, அங்கமுத்து கலக்கறானாட்டிருக்குது?"

"வாளியில அள்ளறதுதான் அவன் வேல. அளவு சொன்னது ஆரு? உனக்கு இதெல்லாம் புரியாது புள்ள."

புரிந்துவிட்டது. ஆனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெளியே சொன்னால் ஏமாந்தது அவள் அப்பா என்றாகும், லாரிக்காரப் பையனை வேண்டாம் என்றது தப்பு என்றாகும். தம்பி பெண்டாட்டி முதல் ஒன்றுவிட்ட பெரியம்மா வரைக்கும் முந்தானைக்குள் சிரிப்பார்கள். அதனால் அவர் பொய்யை அவளும் சேர்ந்து சுமந்தாள். விருந்தாளி வந்தால் மயில்சாமி துணியை விலக்கிக் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டுவார். திரை வெளுத்து அடியில் ஒரு வரி இங்கிலீஷ் வரும். ஏதாவது ஒரு பொத்தானை அமுக்குவார், முழு இங்கிலீஷ் வார்த்தை ஒன்று எட்டிப் பார்க்கும். "யோசிக்குது பாருங்க" என்பார். அது யோசித்து முடிப்பதற்குள், "ரொம்ப நேரம் வெச்சா சூடாயிரும்" என்று அணைத்துவிடுவார். விருந்தாளிகள் காபியை ஆற்றிக்கொண்டே வியந்தார்கள். இப்படி ஒரு ஆயுசு ஓடிவிட்டது. மகள் கிருத்திகா பெரியவளாகி, படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்கும் போய்விட்டாள். அப்பா பெருமைக்கு அதையும் சேர்த்துக்கொண்டார். ரத்தத்தில் வருவதாம்.

இந்த நேரத்தில்தான் மதியழகன் வந்து சேர்ந்தார். நாமக்கல்லைச் சுற்றி ஹாஸ்டலோடு நிற்கிற பள்ளிகளில் ஒன்றுக்குத் தாளாளர். பக்கத்துப் பள்ளி மீன் தொட்டி வைத்தால் இவர் முதலை வாங்க விலை விசாரிக்கிற ரகம். பள்ளியில் பழைய கம்ப்யூட்டர்களுக்கென்று ஒரு அறை ஒதுக்கி ரிப்பன் வெட்டப் போகிறாராம். மயில்சாமிதான் சிறப்பு விருந்தினர்.

"சும்மா பாக்க வெச்சா பசங்களுக்குச் சப்புனு இருக்குமுங்க. அந்தத் தீவனப் புரோகிராம மேடையில ஓட்டிக் காட்டோணும். உங்க சொந்தபந்தம் எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துருங்க, நான் வேன் அனுப்பறேன்."

"அதுக்கென்னங்க, பண்ணிப்போடலாம்" என்றார் மயில்சாமி.

மதியழகன் கார் தெரு முனை திரும்பியதும் அவர் முகம் செத்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்ததோடு சரி. சௌந்திரத்துக்கு ஒரு பக்கம் குளுகுளுவென்று இருந்தது, மாட்டினாயா என்று. மறு பக்கம் வேன் நிறைய வரப்போகிற தன் பிறந்த வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள்.

சாயங்காலம் அவர் ஓசூருக்குப் போன் போட்டார். பழைய புரோகிராம் இருந்த கேசட்டில் பூசணம் பிடித்துவிட்டதாகவும், நினைவில் இருப்பதை வைத்து மகள் கொஞ்சம் சரிக்கட்டித் தரவேண்டும் என்றும் சொன்னார். பூசணம் பிடித்த கேசட் ஒன்று வீட்டில் இருந்தது உண்மை.

"எத்தன வரிப்பா ஞாபகம் இருக்குது?"

"மொத வரி நல்லா ஞாபகம் இருக்குது சாமி."

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"என்ற பேரு. மயில்சாமின்னு."

கிருத்திகா அம்மாவின் மகள், அதனால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தன்னுடைய லேப்டாப்பில் முழுசையும் தானே எழுதினாள். அதை அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதற்கு வழியும் கண்டுபிடித்தாள். இப்போதைய கம்ப்யூட்டர் மாதிரி அதற்குப் பென்டிரைவ் கிடையாது, வைஃபை கிடையாது. அணைத்தால் அதற்கு எல்லாம் மறந்துவிடும், அதனால் அந்தக் காலத்தில் கேசட்டில் புரோகிராமைச் சத்தமாகத்தான் பதிந்து வைப்பார்கள். டேப்பிலிருந்து ஒயர் போட்டு அதன் காதில் அந்தச் சத்தத்தை ஊதினால் அது கேட்டுக் கேட்டு எழுத்தாக மாற்றிக்கொள்ளும். இப்போது டேப்புக்குப் பதில் செல்போன், அவ்வளவுதான். அவள் புரோகிராமைச் சத்தமாக மாற்றி, அப்பா அம்மா இரண்டு பேர் போனுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாள். "இத அப்பிடியே டவுன்லோட் பண்ணி, போன்ல ஓட்டி, பின்னாடி இயர்னு, அதான் காதுன்னு எழுதியிருக்கற ஓட்டையில ஒயரச் சொருகுங்க" என்று பாடம் நடத்தினாள். தனக்கு ஆண்டு முடிவு வேலை, லீவு கிடையாது, விழாவுக்கு வர முடியாது என்றும் சொன்னாள்.

டவுன்லோட் என்பது மயில்சாமிக்குச் சரிப்படவில்லை. நாமக்கல் வட்டாரத்தில் முட்டை ரேட்டு முதல் மக்காச்சோள ரேட்டு வரைக்கும் அவருக்கு வாய்ஸ் மெசேஜாகத்தான் வரும். அவரும் அதைக் கேட்டு, தன் குரலில் ஒருமுறை சொல்லி, அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுவார். அதே பழக்கத்தில் சௌந்திரத்தின் போனில் அந்தச் சத்தத்தை ஓட விட்டு, தன் போனை அதன் வாய்க்கு நேராகப் பிடித்து, வாய்ஸ் மெசேஜாகப் பதிந்துகொண்டார். பின்னணியில் மின்விசிறியும், தெருவில் போன மீன்காரனும் சேர்ந்து பதிந்தார்கள். முதலில் தொண்டையைச் செருமி, "வணக்கமுங்க" என்றும் சொல்லி வைத்தார். பழக்க தோஷம்.

அதைக் கம்ப்யூட்டருக்கு ஊதினார். தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். கேட்டு அங்கமுத்து பண்ணையிலிருந்து ஓடி வந்தான்.

"ஏனுங்க, தீவன மில்லுல பேரிங் போயிருச்சுங்களா?"

"போடா, இது புரோகிராம்" என்றார் மயில்சாமி. திரையில் ஒரு அசைவும் இல்லை.

கிருத்திகா போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அது முட்டை ரேட்டு இல்லீங்கப்பா. குத்துமதிப்பாக் கேட்டா அதுக்குப் புரியாது. நான் அனுப்புனத அப்பிடியே ஓட்டுங்க. ஒயரு இயர் ஓட்டையிலதான இருக்குது?"

"பின்ன? என்னையென்ன ஒண்ணுந் தெரியாதவன்னு நெனச்சியா?"

ஒயர் இயர் ஓட்டையில் இல்லை. பின்பக்கம் அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள். மகள் சொன்ன ஓட்டையில் ஒயர் நுழையவே இல்லை, முட்டியது. ஏதோ அடைத்திருந்தது. கம்பெனிக்காரனே சீல் வைத்து அனுப்பியிருக்கிறான் என்று அவராகவே தீர்மானித்து, நுழைந்த ஓட்டையில் சொருகிவிட்டார். அதை மகளிடம் சொன்னால் தெரியாததை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். அவள் அனுப்பியதை அப்படியே ஓட்டியும் கம்ப்யூட்டர் வாய் திறக்காததற்கு அவர் கண்டுபிடித்த காரணம், சத்தம் பத்தவில்லை என்பது. "விழா அன்னைக்கு மைக்செட்ல குடுத்தா கபக்குனு புடிச்சுக்கும்" என்றார். சௌந்திரத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. செவிடனுக்குக் கத்திச் சொல்லலாம், சொல்லுகிற இடம் முதுகாக இருந்தால் என்ன செய்வது?

மைக்செட் காளிதாஸும் பெருமையில் மயில்சாமிக்குச் சளைத்தவனில்லை. மாரியம்மன் பண்டிகையில் தன் ஸ்பீக்கர் அதிர்ந்து எதிர்வீட்டு ஓடு சரிந்ததை இன்றைக்கும் சாதனையாகச் சொல்லுகிறவன். விழா அன்று காலையிலேயே பள்ளி ஹாலில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்களை அடுக்கிவிட்டான். வணக்கம் என்றால் மூன்று வணக்கம் கேட்டது. மேடையில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய டிவி, அதற்கு முன்னால் ரோஜா மாலை போட்ட கம்ப்யூட்டர். முன் வரிசையில் சௌந்திரத்தின் தம்பி, தம்பி பெண்டாட்டி பூவாத்தாள், பெரியம்மா வகையறா எல்லாரும் பட்டுப் புடவை சரசரக்க உட்கார்ந்தார்கள். பின்னால் சீருடைப் பிள்ளைகள். மேடையில் கணவர் பக்கத்தில் சௌந்திரத்துக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

பொன்னாடை போர்த்தினார்கள். மயில்சாமி பேசினார். சித்தப்பா கொண்டுவந்ததைத் தானே சொல்லி வரவழைத்ததாக இப்போது மாற்றிக்கொண்டார். பிறகு போனைத் தட்டினார். எல்லாரும் கேட்கட்டும் என்று காளிதாஸ் அந்தச் சத்தத்தை ஸ்பீக்கரிலும் திருப்பிவிட, எதிரொலியோடு கிளம்பிய கீறலில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், பெரியம்மா "முருகா" என்றாள். சத்தம் ஓடி முடிந்தது. டிவி வெள்ளையாகவே இருந்தது.

"யோசிக்குதுங்க" என்றார் மயில்சாமி.

அது யோசிக்கவில்லை என்பது பின்வரிசைப் பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. தன் மைக்செட்டுக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே என்று காளிதாஸ் மேடைக்கு ஏறி வந்தான். சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்கோடு கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்தான்.

"அண்ணா, ஒயரு பக்கத்து ஓட்டையில இருக்குதுங்க. இதானுங்க இயர்."

"அது கம்பெனிக்காரன் அடச்சு அனுப்புனதுப்பா."

"கம்பெனிக்காரன் எதுக்குங்க மஞ்சளா அடைக்கறான்? அக்கா, ஒரு ஊக்கு குடுங்க."

சௌந்திரம் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். காளிதாஸ் குடைந்தான். காய்ந்த பொட்டு ஒன்று உதிர்ந்தது. அதற்கடியில் ஒரு சிவப்பு, அதற்கடியில் மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு என்று வந்துகொண்டே இருந்தது. சந்தன வாசனை மூக்கில் ஏறியதும் சௌந்திரத்துக்கு விளங்கிவிட்டது. அது அவள் கை வேலை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மோட்டார் ஸ்டார்ட்டர், கிரைண்டர், தீவன மில், பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். கம்ப்யூட்டரையும் விட மாட்டாள். "மூஞ்சியில வெக்காத, எழுத்து அழிஞ்சுரும்" என்று அவர் சொன்னதால் பின்பக்கம் திருப்பி வைப்பாள். அங்கே ஒரு பொட்டு அளவுக்கு வாகாக ஒரு வட்டம் இருந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து அதில்தான் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். சாமிக்கு வைத்தது கம்ப்யூட்டரின் காதை அடைத்துவிட்டது.

"எல்லாம் இவ பண்ணுன வேலைங்க!" என்று மயில்சாமி கையை நீட்டிக் கத்தினார். பழி போட ஆள் கிடைத்ததில் முகம்கூடத் தெளிந்துவிட்டது.

காளிதாஸ் உள்ளங்கையில் அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவன் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். காலர் மைக் அதை ஹால் முழுக்கக் கொண்டுபோனது.

"அப்பிடீன்னா இத்தன வருசமா இந்த ஓட்டையில ஒயரே போகலீங்களே அண்ணா. அந்தத் தீவனப் புரோகிராமு எந்த வழியா உள்ள போச்சுங்க?"

எதிரொலியில் போச்சுங்க, போச்சுங்க என்று மேலும் இரண்டு முறை கேட்டது.

இந்த ஒரு நிமிஷத்துக்காகச் சௌந்திரம் எத்தனை நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஆசைப்பட்டிருக்கிறாள். ஊர் முன்னால் அவர் முழிக்க வேண்டும், ஒரே ஒரு தடவையாவது. இப்போது முழித்தார். ஆனால் முன் வரிசையில் தம்பி அவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். பூவாத்தாள் முந்தானையை வாயருகே கொண்டுபோய்விட்டாள். சௌந்திரத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொய் சொன்னவன் ஒருத்தன், கூசி நிற்பது இவளா? செத்துப்போன அப்பாவையா இழுப்பார்கள்? எழுந்து நின்று காளிதாஸின் காலரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு கையிலயே அடிப்பாருங்க. போடறப்பல்லாம் மொதல்ல இருந்து அடிப்பாரு."

கேசட் இல்லாதவர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம், கிருத்திகா பேச்சுவாக்கில் சொன்னது. பூவாத்தாளின் முந்தானை கீழே இறங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். காளிதாஸ் ஓட்டையைச் சுத்தமாக ஊதிவிட்டு ஒயரைச் சொருகினான், இந்த முறை கடக்கென்று உட்கார்ந்தது. மயில்சாமி செய்ய வேண்டியது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு போனைத் தட்டினால் மகள் எழுதிய புரோகிராம் அவர் பேரோடு திரையில் வந்து நின்றிருக்கும், மானமும் போயிருக்காது.

அவரால் முடியவில்லை. கைதட்டல் கேட்டதும் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"ஆமாங்க! தெனமும் காத்தால, காபிக்கு முன்னாடி, மொத வரியில இருந்து கடேசி வரி வரைக்கும். ஒரு காயிதம் பாக்க மாட்டேன். கண்ணக் கட்டி உட்டாலும் அடிப்பேனுங்க. இந்தப் போனு, ஒயரு எல்லாம் இப்பத்திப் பசங்களுக்குங்க. நமக்கெல்லாம் எல்லாமே தலைக்குள்ள!"

மதியழகனுக்குப் புல்லரித்துவிட்டது. பாய்ந்து வந்து அந்த ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார்.

"கேட்டீங்களா பசங்களா? மனப்பாடம்னா இதான் மனப்பாடம்! ஐயா இப்ப உங்க கண்ணு முன்னாடி மொத வரியில இருந்து அடிச்சுக் காட்டுவாங்க. முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. பெரியவங்க மட்டும் பந்திக்கு வாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். மயில்சாமி உட்கார்ந்தார். தன் பேரின் முதல் எழுத்தைத் தேடிப் பிடித்து அமுக்கினார். திரையில் எழுத்து வரவில்லை, நிறுத்தி வை என்று பொருள்படுகிற ஒரு முழு இங்கிலீஷ் வார்த்தை வந்தது. அழிப்பதற்குப் பொத்தானைத் தேடினார், அதுவும் எது என்று தெரியவில்லை. அத்தனை பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியதில் அப்படி ஒரு பார்வையை அவள் கண்டதில்லை.

சௌந்திரம் ஊக்கைக் காளிதாஸிடமிருந்து வாங்கி மறுபடி கொடியில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். அவளால் முடிந்த பொய்யை அவள் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவளிடம் சரக்கு இல்லை.

பந்தியில் பூவாத்தாள் நாத்தனாருக்குத் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"நங்கையா, அண்ணனுக்கும் ஒரு எல போட்டு வெக்கச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம் பூவாத்தா. அவரு தீவனம் கலக்கிப்போட்டுத்தான் வருவாரு" என்று சொல்லிவிட்டு, சௌந்திரம் சாம்பார்க்காரரைக் கூப்பிட்டாள்.